காயத்தைக் காட்டும் உரிமை

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் நடைபெற்ற மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. வர இயலாத நண்பர்களுக்காக இங்கே முழுமையாக வெளியிடுகிறோம்.)



 

நோயாளியின் முகத்தைக் குறித்துப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அது பெரிய பொருள். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் புகைப்படம், நோயுற்ற மனதின் பாரத்தை வெளியே சொல்லவும், மெல்ல ஆறவும் எவ்விதம் உதவுகிறது என்பதே அது. அதைத் தன்படம் என்று சொல்லலாம். "செல்ஃபியைப் பற்றியா ஐயர் பேசப் போகிறார்!" என்று பின்வரிசையில் இளைஞர்கள் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள்.

முகங்களின் தெரு

நாம் கூடியிருக்கும் இந்தச் செங்கம் சாலையைப் பாருங்கள். ரமணாசிரமமும் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமமும் அருகருகே இருக்கின்றன. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதை இவ்வழியேதான் செல்கிறது. பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான மக்கள் நடக்கிறார்கள். குளிர்காலத்தில் பல தேசத்தாரும் வந்து தங்குகிறார்கள். வருகிறவர்கள் கையில் எல்லாம் கேமரா இருக்கிறது. பாதையோரத்தில் உட்கார்ந்திருக்கும் காவி உடுத்திய முதியவர்களின் முகங்கள் நாள்தோறும் எத்தனை முறை படமாகின்றன என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். அந்தப் படங்கள் எந்த நாட்டுச் சுவரில் தொங்குகின்றன என்று படத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

மருத்துவமனைக்குள் வந்தாலும் இதே கதைதான். காப்பீட்டு அட்டைக்கு ஒரு படம், கோப்பில் ஒட்ட ஒரு படம், அறுவைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, எக்ஸ்ரே, ஸ்கேன். எல்லாம் தேவையானவையே. ஆனால் அவை எல்லாம் பிறர் எடுத்தவை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எதைத் திறந்து காட்ட வேண்டும் என்று பிறர் சொல்ல, நோயாளி கீழ்ப்படிகிறார். ஒருவர் காட்டப்படுவதற்கும், அவரே தம்மைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பிறர் எடுத்த படங்கள்

புகைப்படக் கலை பிறந்த அதே ஆண்டிலேயே தன்படமும் பிறந்துவிட்டது. 1839ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கொர்னேலியஸ் என்பவர் தம் குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்னால் கேமராவை நிறுத்தி, தம்மையே படம் எடுத்தார். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தன்படங்களில் அது ஒன்று.

நோயாளிகளின் படம் என்று பார்த்தால், 1850களில் இங்கிலாந்தின் சரே மாவட்ட மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஹ்யூ டயமண்ட் அங்கிருந்த பெண்களைத் தொடர்ந்து படம் எடுத்தார். 1856இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் குறித்து ஒரு கட்டுரை வாசித்தார். படங்கள் நோயின் போக்கைப் பதிவு செய்யும், திரும்பி வருகிறவர்களை அடையாளம் காட்டும் என்பதோடு, இன்னொரு பயனையும் அவர் சொன்னார். நோயாளி தம் படத்தைத் தாமே பார்க்கும்போது அவருக்குள் ஒரு நல்ல மாறுதல் உண்டாகிறது என்றார். ஆனாலும் கேமரா டாக்டரின் கையில்தான் இருந்தது.

மிஷன் ஊழியத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற மிஷன் பத்திரிகைகளில் நோயுற்றவர்களின் படங்கள் அச்சாகின. அவற்றைப் பார்த்து மனமிரங்கிக் கொடுத்தவர்களின் காசில் எத்தனையோ வார்டுகள் எழும்பின. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். எனினும், அந்தப் படங்களில் நிற்கிறவர்களின் கண்களைக் கவனித்தால், பலர் கேமராவைப் பார்ப்பதில்லை. தரையைப் பார்க்கிறார்கள்.

தொழுநோய் ஊழியத்தில் இது இன்னும் கூர்மையானது. வட ஆற்காட்டு மண்ணில் பிறந்த நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிகிச்சை இல்லாத காலத்தில் முற்றிய தொழுநோய் புருவ மயிரை உதிர்த்துவிடும், மூக்கின் நடுத்தண்டைச் சரிந்துபோகச் செய்யும். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையால் உலகப் புகழ் பெற்றார். கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மையத்திலும் அந்த ஊழியம் தொடர்ந்தது. ஆனால் கைகள் குணமான பிறகும் புருவமில்லாத முகத்தோடு ஊருக்குப் போனவர்களை ஊர் சேர்க்கவில்லை. ஆகவே அவரும் அவருடைய குழுவினரும் தலையின் மயிருள்ள தோலில் ஒரு சிறு பட்டையை அதன் இரத்தக்குழாயோடு நெற்றித் தோலுக்கு அடியில் கொண்டுவந்து புருவமாக வைத்துத் தைத்தார்கள். தலைமயிர் போலவே அந்தப் புருவமும் வளரும், வெட்டிவிட வேண்டும். சிலர் வெட்ட மனமில்லாமல் அடர்த்தியாக வளர விட்டார்கள் என்று டாக்டர் பிராண்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தங்களுக்குப் புருவம் இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும் என்ற பெருமை அவர்களுக்கு.

நண்பர்களே, அந்தப் பெருமையை எங்களுக்குப் புரிகிறது. அதுவரை பிறர் பார்த்து ஒதுக்கிய முகத்தை அவர்கள் தாங்களாகவே ஊருக்குக் காட்டத் தொடங்கினார்கள். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகக்கூடியது. முகம் மாறும் முன்பே தடுத்துவிடலாம். ஆனால் வெட்கம் என்ற நோய்க்கு மாத்திரை இன்னும் வரவில்லை.

நான் யார் என்ற கேள்வி

இந்தப் பகுதியில் நின்றுகொண்டு முகத்தைப் பற்றிப் பேசும்போது, மலையடிவாரத்தில் வாழ்ந்த ரமண மகரிஷியை மரியாதையோடு நினைக்காமல் இருக்க முடியாது. 1896இல் மதுரையிலிருந்து இங்கு வந்தவர், அதன் பின் இந்த மலையை விட்டுப் போகவில்லை. 1946இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த அவருடைய முகப்படம் இந்தத் தெருவில் எத்தனையோ கடைகளில் தொங்குகிறது. 1948ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய இடது முழங்கை அருகே ஒரு சிறு கட்டி தோன்றியது. அது புற்றுநோய். 1949இல் பல முறை அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் இணங்கவில்லை. கட்டுப்போட்ட கையோடும், மெலிந்த உடம்போடும் தம்மைப் பார்க்க வந்தவர்கள் முன் கடைசி நாள் வரை இருந்தார். அந்த நாட்களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் இங்கே வந்து அவரைப் படம் எடுத்தார். 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8.47 மணிக்கு மகரிஷி மறைந்தபோது அவர் இந்த ஊரில்தான் இருந்தார்.

நாம் வேறு விசுவாசத்தின் மக்கள். மகரிஷியின் தத்துவத்தை விளக்க வேண்டிய இடம் இது அல்ல. ஆனால் 'நான் யார்?' என்று அவர் எழுப்பிய கேள்வி எங்கள் வார்டில் தினமும் கேட்கும் கேள்வி. மார்பகத்தை இழந்த தாய் அதைக் கேட்கிறாள். சர்க்கரையால் காலை இழந்தவர் அதைக் கேட்கிறார். ஜெர்மனியின் சிறையில் இருந்த லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹாஃபரும் 1944இல் அதே தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். மற்றவர்கள் காணும் தைரியசாலியும், தமக்கு மட்டும் தெரிந்த நடுங்கும் மனிதரும் ஆகிய இருவரில் தாம் யார் என்று அதில் கேட்டு, கடைசியில் அந்தக் கேள்வியைத் தேவனிடமே ஒப்படைக்கிறார். பிறர் பார்க்கும் முகம் ஒன்று, உள்ளே இருக்கும் முகம் ஒன்று. நோய் வரும்போது இந்த இரண்டுக்கும் இடையே பெரிய விரிசல் உண்டாகிறது. அந்த விரிசலில்தான் தன்படம் வேலை செய்கிறது.

கேமராவைக் கையில் எடுத்த நோயாளி

இதை உலகுக்கு மிகத் தெளிவாகக் காட்டியவர் ஜோ ஸ்பென்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1934இல் பிறந்தவர். கல்யாணப் படங்களும் குடும்பப் படங்களும் எடுத்துத் தொழில் செய்தவர். 1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது ஒரு இளம் மருத்துவர் மாணவர்கள் சூழ வந்து, எடுக்க வேண்டிய மார்பகத்தின் மேல் மையால் அடையாளக் குறி போட்டார். அந்த நிமிடத்தில் தம் உடம்பு தம்முடையது அல்லாமல் போனதாக அவர் உணர்ந்தார். மார்பகம் முழுவதையும் எடுக்க அவர் சம்மதிக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். அறுவைக்கு முன், இது என் உடைமைதானே என்று கேட்கும் விதமாகத் தம் மார்பின் மேலேயே எழுதி ஒரு படம் எடுத்து, அதைத் தம்மோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

சிகிச்சை விஷயத்தில் அவர் எடுத்த முடிவை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. அது அவரவரும் மருத்துவரும் பேசித் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1980களில் ரோஸி மார்ட்டின் என்ற தோழியோடு சேர்ந்து அவர் ஒரு முறையை உருவாக்கினார். ஒருவர் தம் வாழ்க்கையின் ஒரு வேதனையை எடுத்துக்கொண்டு, எப்படி உட்கார வேண்டும், எதை உடுத்த வேண்டும், எந்த நொடியில் படம் எடுக்க வேண்டும் என்று தாமே தீர்மானிப்பார். மற்றவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்கிறபடி எடுப்பார். பின்பு இடம் மாறிக்கொள்வார்கள். படம் வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். 1992இல் இரத்தப் புற்றுநோயால் ஜோ ஸ்பென்ஸ் இறந்தார். கடைசி மாதங்களிலும் தம் மரணத்தைக் குறித்துத் தாமே படங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. ஓவியர் அமிர்தா ஷெர்-கிலின் தந்தையான உம்ராவ் சிங் ஷெர்-கில் (1870–1954) அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தம்மைத் தாமே படம் எடுத்துவந்தார். தலைப்பாகையும் தாடியுமாகக் கம்பீரமாக நிற்கும் இளமை, உபவாசத்தால் மெலிந்த வெற்றுடம்பு, முதுமை என்று எல்லாவற்றையும் மறைக்காமல் எடுத்தார். சிகிச்சைக்காக அல்ல, தம்மைப் பார்ப்பதற்காக.

வார்டில் நாங்கள் கண்டது

எங்கள் மருத்துவமனையில் பெரிய திட்டம் ஏதும் இல்லை. சிற்றாலயத்தை அடுத்த அறையில் பழைய கைப்பேசி ஒன்றும், அதை நிறுத்தி வைக்க ஒரு சிறு தாங்கியும் இருக்கின்றன. கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம். ஜன்னலோரமாக ஒரு நாற்காலி. கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வெளியே வந்துவிடுவோம். எடுத்த படத்தைக் காட்டுவதும் அழிப்பதும் அவருடைய விருப்பம். பெயரும் ஊரும் சொல்லாமல், சம்மதம் பெற்ற மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்லுகிறோம்.

மண்ணெண்ணெய் அடுப்பால் தீக்காயம் பட்ட ஒரு சகோதரி, வார்டில் இருந்த கண்ணாடியைத் துணியால் மூடச் சொன்னவள். முதல் நாள் எடுத்த படத்தில் அவளுடைய முந்தானை மட்டுமே இருந்தது. அடுத்த வாரம் ஒரு கை. அதற்கடுத்த வாரம் வளையலோடு அதே கை. ஒன்றரை மாதம் கழித்து, காயம் படாத பக்கத்துக் காதில் தோடு போட்டுக்கொண்டு பக்கவாட்டில் ஒரு படம். "ஐயா, இது நான்தான்" என்று சொல்லிக் காட்டினாள். முழு முகத்தை அவள் கடைசி வரை எடுக்கவில்லை. எடுக்கும்படி நாங்களும் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியின் மேல் கிடந்த துணியை அவளே எடுத்து மடித்து வைத்தாள்.

இரண்டாவது, இந்தப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் ஓட்டிய ஒரு சகோதரர். சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வார்டில் படம் எடுக்க அவருக்கு மனமில்லை. வீடு திரும்பிய பின் ஒரு நாள் ஸ்டாண்டுக்குப் போய், தம் வண்டியில் உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். காக்கிச் சட்டை, நெற்றியில் வியர்வை, பின்னால் மலை. "காலைப் பற்றி எல்லாரும் கேட்கிறாங்க ஐயா. இதுல கால் தெரியாது, டிரைவர்தான் தெரியுறான்" என்றார். செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளத் தேதி கேட்டதும் அன்றுதான்.

மூன்றாவது, கல்லூரிப் படிப்பை நிறுத்திய ஒரு இளைஞர். கடும் மனச்சோர்வோடு சேர்க்கப்பட்டவர். நாற்பது ஐம்பது படங்கள் எடுத்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டார். இன்னும் அதிகமாகச் சோர்ந்துபோனார். அவருக்கு அது ஏற்ற வழி அல்ல என்று மனநல மருத்துவர் சொன்னார், நிறுத்திவிட்டோம். மருந்தும் ஆலோசனையும் அவரைத் தேற்றின. இதையும் சொல்லாமல் விட்டால் நாங்கள் உங்களுக்கு உண்மையாய் இருக்க மாட்டோம்.

ஏன் உதவுகிறது?

சொல்ல வார்த்தை இல்லாத வேதனைக்குப் படம் ஒரு பிடி கொடுக்கிறது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை ஐயா" என்பதுதான் நம் ஊர் பதில். ஆனால் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் தெரிகிற இவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்?" என்று கேட்டால், தம்மைப் பற்றிச் சொல்லக் கூசுகிறவர்கூட அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். கையெட்டும் தூரத்தில் தம்மைத் தள்ளி வைத்துப் பார்க்க முடிகிறது.

அதோடு, நோய் வந்தபோது பறிபோன ஒரு தீர்மானம் திரும்பி வருகிறது. எப்போது சாப்பிட வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், எப்போது ஊசி என்று எல்லாம் பிறர் தீர்மானிக்கும் இடத்தில், எந்த வெளிச்சத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டலாம் என்ற சிறு தீர்மானமாவது அவருடையதாகிறது. சிறிதுதான். ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு அது சிறிதல்ல.

சில நடைமுறைக் காரியங்களையும் சொல்லிவிடுகிறோம். நம் முகத்தை நாம் அறிந்திருப்பது கண்ணாடி வழியாக, அதாவது இடம் வலம் மாறி. படத்தில் அது மாறாமல் தெரியும்போது, நல்ல முகத்தோடு இருப்பவருக்கே அந்நியமாகப் படுகிறது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் தொய்ந்த முகத்துக்கு அது இன்னும் பெரிய அதிர்ச்சி. இதை முன்னமே சொல்லிவிட்டால் பயம் பாதி குறையும். கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். அது நோயின் கோலம் அல்ல, தூரத்தின் கோலம். நான்கைந்து அடி தள்ளி நிறுத்தி, சில வினாடி கழித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால் முகம் முகமாகவே வரும். முகத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கை, நிழல், செருப்பு, தலைமாட்டில் இருக்கும் வேதாகமம், எதுவும் தன்படமே.

மனநல மருத்துவர் அல்லது ஆலோசகர் சிகிச்சையின் பகுதியாகப் புகைப்படங்களைப் பயன்படுத்துவது ஒன்று. யார் வேண்டுமானாலும் தமக்குத்தாமே ஆறுதலாகப் படம் எடுப்பது வேறொன்று. கனடாவைச் சேர்ந்த ஜூடி வைசர் போன்றவர்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் செய்வது இரண்டாவது மட்டும். இது மருந்துக்குப் பதில் அல்ல. ஆழ்ந்த சோர்வில் இருப்பவர்களிடமும், தம் உருவத்தையே வெறுத்துத் தவிப்பவர்களிடமும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கக் கூடாது. எடுத்தவுடன் சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாம். அங்கே எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணத் தொடங்கினால், மறுபடியும் பிறர் கண்ணுக்கு அடிமையாகிவிடுகிறோம்.

ஆண்டவர் காட்டிய காயங்கள்

இதை ஏன் ஒரு குருவானவர் பேச வேண்டும்? தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலிலே சிருஷ்டித்தார் என்று விசுவாசிக்கிறோம். அந்தச் சாயல் தோலில் இல்லை. ஆகவே தோல் கருகினாலும் அது கருகுவதில்லை. இது உபதேசமாக நமக்குத் தெரியும். ஆனால் வார்டில் கிடக்கும் சகோதரிக்கு அது உபதேசமாக வந்தால் போதாது. அவள் தன் முகத்தைப் பார்க்கத் துணியும் நாளில்தான் அது அவளுக்குச் சுவிசேஷமாகிறது.

கல்வாரியை நினைத்துப் பாருங்கள். நம் ஆண்டவருடைய வஸ்திரத்தை உரிந்தார்கள். ஊருக்கு வெளியே, வழிப்போக்கர் எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தினார்கள். அங்கே அவர் காட்டப்பட்டார். மூன்றாம் நாளுக்குப் பிறகு நடந்ததை யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பூட்டிய அறைக்குள் வந்து, சமாதானம் கூறி, தம்முடைய கைகளையும் விலாவையும் தாமே சீஷர்களுக்குக் காட்டினார். எட்டு நாளுக்குப் பின் தோமாவுக்கும் காட்டினார். உயிர்த்தெழுந்த சரீரத்தில் அந்தத் தழும்புகள் மறையவில்லை. ஆனால் இப்போது அவற்றைக் காட்டுகிறவர் அவரே. யாருக்குக் காட்ட வேண்டும், எப்போது காட்ட வேண்டும் என்பது அவருடைய சித்தம். பிலாத்துவுக்கு அவர் காட்டவில்லை. ஏரோதுக்குக் காட்டவில்லை. தம்மை நேசித்தவர்களுக்குக் காட்டினார். அதே காயங்கள்தான், நண்பர்களே. ஒரு இடத்தில் அவமானம், மறு இடத்தில் சமாதானம்.

எங்கள் ஊழியத்துக்கு இதைவிடப் பெரிய மாதிரி எங்களுக்குத் தெரியாது. காயத்தை மறைக்கும்படி யாரையும் வற்புறுத்தாமலும், காட்டும்படி யாரையும் வற்புறுத்தாமலும் இருக்க வேண்டும். காட்ட நினைக்கும் நாளில் பார்க்க ஒரு அன்பான கண் அருகில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

கடைசியாக உங்கள் பங்கைச் சொல்லி முடிக்கிறோம். நீங்கள் எங்களுக்குக் காணிக்கை அனுப்புகிறீர்கள். அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். அது நியாயமான ஆசை. சில நண்பர்கள் கடிதமும் எழுதியிருக்கிறார்கள்: "சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படம் போட்டால் எங்கள் சபையில் காணிக்கை எடுக்க உதவியாக இருக்கும்." உண்மைதான், உதவியாக இருக்கும். கண்ணீர் வடியும் முகத்துக்கு வரும் பணம், கடிதத்துக்கு வராது என்பது எங்களுக்கும் தெரியும். தீக்காய வார்டுக்கு இன்னும் கட்டில்கள் வேண்டும் என்பதும் தெரியும்.

ஆனாலும் ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறோம். இந்தச் செய்தி மடலில் இனி வரும் நோயாளிகளின் படங்கள், அவர்களே எடுத்து அல்லது அவர்கள் சொன்னபடி எடுத்து, அவர்களே தெரிந்தெடுத்துக் கொடுத்தவையாக இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்த மடல் யார் கைக்கெல்லாம் போகும் என்று விளக்கிச் சொல்லுவோம். கொடுத்த படத்தை அச்சாகும் முன் எந்த நாளிலும் திரும்பக் கேட்கலாம். சிகிச்சைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுவோம். ஆகவே சில மாதங்களில் உங்களுக்கு ஒரு முகமும் வராமல் போகலாம். ஒரு கை வரலாம். ஒரு ஜோடிச் செருப்பு வரலாம். வெறும் நன்றிக் கடிதம் மட்டும் வரலாம். அப்போது எங்கள் மேல் வருத்தப்படாமல், அந்தக் கைக்காகவும், அந்தச் செருப்புக்கு உரியவருக்காகவும் ஜெபியுங்கள். பரிதாபம் காட்டாத படத்துக்கும் உங்கள் கரம் திறந்திருக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் நோயுற்ற தாயோ தகப்பனோ இருக்கலாம். மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் அவர்களைப் படம் எடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்பும் முன், "அம்மா, எடுக்கட்டுமா? யாருக்கு அனுப்பலாம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "வேண்டாம்பா" என்றால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கைப்பேசியை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பொறுமையோடு பாருங்கள். வருடக்கணக்காக உங்களிடம் சொல்லாத ஒன்றை அந்தப் படம் சொல்லக்கூடும்.

தம் காயங்களைத் தாமே காட்டிச் சமாதானம் சொன்ன ஆண்டவர், காயப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்தச் சமாதானத்தைத் தருவாராக. பார்க்கும் நமக்கு இரக்கமுள்ள கண்களைத் தருவாராக. இந்த ஊழியத்தைத் தாங்கும் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.